தெருமுனையில் அடுக்குமாடி வருகிறது: போக்குவரத்து, பார்க்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்களுடையது ஒரு 30 அடித் தெரு. முனையில் இருந்த பழைய கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டார்கள். சுமார் ஓர் ஏக்கர். தகரத் தடுப்பு போட்டாயிற்று. எண்பது வீடு வரப்போகிறது என்று இஸ்திரி வண்டிக்காரர் சொல்லித்தான் பாதிப் பேருக்குத் தெரியும். அதன் பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம். மடிப்பாக்கமோ வளசரவாக்கமோ பெரம்பூரோ, இதே நிலையில் இருக்கும் எந்தத் தெருவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முப்பதடித் தெருவில் எண்பது வீட்டுக்கு எப்படி அனுமதி கொடுப்பார்கள்?

விதிப்படிதான் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதில் 18.30 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டிடம் ‘உயரமான கட்டிடம்’ என்ற வகையில் வராது. முன்பு அந்த எல்லை 15.25 மீட்டராக இருந்தது. ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் தரைத்தளம்) நான்கு மாடியும் பார்த்துப் பழகிய தெருக்களில் இப்போது ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் எழும்புவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வகைக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ, 2. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, இரண்டு மடங்கு 87,120. வீட்டுக்கு ஆயிரம் சதுர அடி என்று வகுத்தால் எண்பதைத் தாண்டிவிடும். பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ வாங்கினால் இன்னும் கூடும். எவ்வளவு வாங்கலாம் என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது.

அதனால் “இவ்வளவு வீடா?” என்று மனு எழுதினால் அது கோப்பில் போய்த் தூங்கும். விதிப்படி எண்பது வரலாம் என்றுதான் பதில் வரும்.

அப்படியானால் சாலை அகலம்தான் முக்கியமா? அதை எப்படி அளக்கிறார்கள்?

ஆமாம், அதுதான் முக்கியம். கட்டிடத்தின் உயரம், பரப்பு எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. விதியில் 9, 12, 18 மீட்டர் என்று வருவது நம் பேச்சு வழக்கில் 30 அடி, 40 அடி, 60 அடிச் சாலை.

அகலம் என்றால் தார் போட்ட பகுதி மட்டும் இல்லை. மழைநீர் வடிகால், நடைபாதை எல்லாம் சேர்த்து, இந்தப் பக்கத்து எல்லையிலிருந்து அந்தப் பக்கத்து எல்லை வரை. பத்திரத்தில் 30 அடி என்று இருந்தாலும் நேரில் டேப் பிடித்தால் வேறு எண் வரலாம். எங்கள் தெருவையே பாருங்கள். நுழையும்போது நல்ல அகலம். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு காம்பவுண்ட் சுவர் முன்னால் தள்ளி நிற்கிறது. பிள்ளையார் கோவில் அருகே இன்னும் குறுகல். இடையில் வீட்டுக்கு வீடு சாலைமேல் போட்ட சிமென்ட் சரிவுகள்.

நான்கைந்து இடங்களில் அளந்து, டேப்போடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுநர் வரைபடத்தில் 9 மீட்டர் என்றும் உண்மையில் 7.6 மீட்டர் என்றும் இருந்தால், இந்த விஷயத்தில் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சீட்டு அதுதான்.

சாலையை அகலப்படுத்த இடம் விட்டுக் கொடுப்பார்களாமே?

சாலை விரிவாக்கக் கோடு மனைக்குள் விழுந்தால், அந்தத் துண்டைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் மனைக்கு முன்னால் மட்டும் சாலை அகலமாகும். கோவில் முனைக் குறுகல் அப்படியேதான் இருக்கும். அகலமான அந்த இடத்தில் நாலு கார் நிற்கும் என்பதே என் அனுபவ ஜோசியம்.

போக்குவரத்து தாங்காது என்று சொன்னால் நிறுத்த மாட்டார்களா?

இந்த வாதம் எடுபடாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் கணக்கு போட்டால் புரியும்.

சாலைப் பொறியாளர்கள் எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட 106-ஆம் எண் வழிகாட்டியில் கார் 1. இரு சக்கர வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் பைக் 0.75. எண்பது வீட்டிலிருந்து காலை நெருக்கடி நேர ஒரு மணியில் 40 காரும் 60 பைக்கும் வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். 40-உடன் 45 சேர்த்தால் 85. அதே வழிகாட்டியின்படி, இருவழிப் போக்குவரத்துள்ள இரண்டு தடச் சாலையில், மிகச் சிறிய வகைக்கே மணிக்கு 900 கார் அளவு வரை போகலாம். தாளில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டுநரின் ஆலோசகர் இதைத்தான் எழுதிக் கொடுப்பார். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் நம் தெருவில் இரண்டு தடம் எங்கே இருக்கிறது? 9.1 மீட்டரில் இரண்டு பக்கமும் வடிகால் மூடி, வீட்டுச் சரிவு எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டர் போய்விடும். மிச்சம் 7.6. இரண்டு பக்கமும் கார் நின்றால் பக்கத்துக்கு 2 மீட்டர். மிச்சம் 3.6. தண்ணீர் லாரி ஒன்று இரண்டரை மீட்டர் அகலம். அது வரும்போது எதிரே பள்ளி வேன் வந்தால் யாராவது பின்னால் எடுத்தே ஆக வேண்டும். காலை எட்டு மணிக்கு ஹாரன் சத்தத்தோடு நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

நெரிசலை உண்டாக்குவது ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி. புதுக் கட்டிடத்திலிருந்து 20 கார் வெளியே நிற்க நேர்ந்தால், காருக்கு 6 மீட்டர் என்று 120 மீட்டர் நீளத்தை அது விழுங்கிவிடும். ஆகவே மனுவில் ‘போக்குவரத்து’ என்று தொடங்காதீர்கள். ‘பார்க்கிங்’ என்று தொடங்குங்கள். அதற்கு எண் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, சரிபார்க்க முடியும்.

எண்பது வீட்டுக்கு எத்தனை பார்க்கிங் வைக்க வேண்டும்?

வீட்டின் பரப்பைப் பொறுத்து மாறும். சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். வரைபடத்தில் ஒவ்வொரு கார் இடத்துக்கும் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். பைக்குக்கு 1 மீட்டருக்கு 1.8. விருந்தினர் பார்க்கிங் தனியாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கை தாளில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கட்டத்துக்குள் கார் உண்மையில் போகுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டில்ட்டில் இரண்டு தூணுக்கு நடுவே மூன்று கட்டம் போட்டிருப்பார்கள். நடுக் கட்டத்தில் நிறுத்திய பிறகு கதவைத் திறக்க முடியாது. இன்னொன்று, ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் என்று வரிசையாகக் கட்டம் போடுவது. பின்னால் இருப்பவர் காலை ஆறு மணிக்குப் போக வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரை எழுப்ப வேண்டும். இரண்டு நாள் எழுப்புவார், மூன்றாம் நாள் தெருவில் நிறுத்திவிடுவார். மேலும் கீழும் அடுக்கும் இயந்திர பார்க்கிங் காட்டியிருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுவருடமே துருப்பிடித்து நிற்பதை நகரத்தில் பல இடங்களில் பார்க்கலாம். தாளில் இரண்டு கார், தரையில் ஒன்று.

இரண்டாவது கார், சமையல் வேலைக்கு வருபவரின் ஸ்கூட்டர், டெலிவரி பையன்கள், வீடு மாற்றும் வேன் இவையெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

விருந்தினர் பார்க்கிங்கை விற்கலாமா?

கூடாது. திறந்தவெளி பார்க்கிங் பொதுப்பகுதி என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே, 2010 ஆகஸ்டில், மும்பையைச் சேர்ந்த நஹல்சந்த் லாலூசந்த் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று தீர்ப்பு கொடுத்தது. நடைமுறையில் ‘ஒதுக்கீடு’ என்று வேறு பெயரில் பணம் வாங்குவது நின்றபாடில்லை.

இது வாங்குபவர் பிரச்சினை, நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். விருந்தினர் இடம் விற்றுப்போனால் விருந்தினர் கார் எங்கே வரும்? உங்கள் கேட் முன்னால்.

வரைபடத்தை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ வரும் திட்டம் விற்பனைக்கு முன் தமிழ்நாடு ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாக வேண்டும். பதிவான திட்டத்தின் விவரங்களை அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதற்கு முன்பே வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சி.எம்.டி.ஏ-வுக்கு, அதாவது கட்டிட அனுமதி தரும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு, மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. “திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்” என்று கேட்காதீர்கள். தளவரைபடம், ஸ்டில்ட் வரைபடம், சாலை அகலம் குறித்த ஆய்வுக் குறிப்பு, பார்க்கிங் கணக்கு அட்டவணை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். பலருக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். குடியிருப்பு மண்டலத்தில் விதிப்படி வரும் கட்டிடத்துக்கு அக்கம்பக்கத்தாரின் ஒப்புதல் தேவையில்லை. மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அப்போதும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடப்பதைப் போல ஊரைக் கூட்டிக் கேட்பது வழக்கமான குடியிருப்புத் திட்டங்களுக்கு இல்லை. ஆனால் விண்ணப்ப ஆவணங்கள் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளமான பரிவேஷில் கிடைக்கும். நம்முடைய மனை ஓர் ஏக்கர்தான், எட்டாயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர் கட்டிடம், அந்த எல்லைக்கே போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றக் கேட்டால் செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

மற்றபடி நாமாகப் போய்ச் சொல்ல வேண்டியதுதான். வார்டு கவுன்சிலரிடம் சொல்லலாம், பகுதி சபைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம். ஆனால் சி.எம்.டி.ஏ-வின் உறுப்பினர்-செயலருக்கு நேரடியாக ஒரு மனு போயே ஆக வேண்டும். நகல் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும். விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

மனுவில் என்ன எழுதினால் காது கொடுப்பார்கள்?

ஒரே பக்கம் போதும். இருநூறு கையெழுத்தைவிட ஒரு அளவுப்படம் மேல். எங்கள் மனுவின் முக்கியமான பத்தி இப்படி இருந்தது:

“மனையிலிருந்து பிரதான சாலை வரை ஐந்து இடங்களில் தெருவின் அகலத்தை அளந்துள்ளோம், விவரமும் படமும் இணைப்பில். இணைப்பு வரைபடத்தில் குறித்துள்ள இடத்தில் வாயில் அமைந்தால், பள்ளி வேன்கள் குழந்தைகளை ஏற்றும் இடத்துக்கு நேர் எதிரே வண்டிகள் வெளிவரும். கிழக்குப் பக்கச் சாலையில் வெளிவாயில் அமைக்கும் வாய்ப்பை ஆராயக் கோருகிறோம். விருந்தினர் பார்க்கிங் வாயிலுக்குள் நுழைந்தவுடன், பூட்டில்லாத பகுதியில் அமையக் கோருகிறோம்.”

‘பகுதியின் அமைதி’, ‘கலாசாரம்’, ‘வெளியாட்கள்’ போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். படிக்கிற அதிகாரிக்கு உங்கள் நோக்கமே சந்தேகமாகிவிடும். என் கருத்தில் அந்தச் சந்தேகம் பல நேரம் சரியாகவும் இருக்கிறது.

கேட் எங்கே வருகிறது என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம், ஆனால் யாரும் பேசுவதில்லை. கேட் சாலையை ஒட்டியே இருந்தால், வாட்ச்மேன் நோட்டில் எழுதி முடிக்கும்வரை வரும் கார் தெருவில்தான் நிற்கும். பின்னால் இரண்டு பைக், ஒரு ஆட்டோ. கேட்டை ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர், உள்ளே தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். கட்டுநருக்கு இதில் பெரிய செலவு இல்லை. நேரில் உட்கார்ந்து பேசினால் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயம் இது. அஸ்திவாரம் போடும் முன்பே பேசுங்கள்.

கட்டும் காலத்தில் லாரித் தொல்லை எப்படி இருக்கும்?

முடிந்த பிறகு வரும் கார்களைவிட இதுதான் கொடுமை. மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம் சதுர மீட்டரை ஐந்து மாடிக்குப் பிரித்தால் ஒரு தளம் சுமார் 1,600 சதுர மீட்டர். ஆறு அங்குலக் கனத்தில் தளம் போட 240 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு கலவை லாரி 6 கன மீட்டர் கொண்டுவந்தால் 40 நடை, விட்டம் தூண் தனி. பகுதி பகுதியாகப் போட்டாலும் அந்த நாட்களில் லாரிகள் வரிசையில் நிற்கும். பேஸ்மென்ட் தோண்டினால் கேட்கவே வேண்டாம்: 2,500 சதுர மீட்டரை மூன்றரை மீட்டர் ஆழம் தோண்டினால் 8,750 கன மீட்டர் மண். டிப்பருக்குப் பத்து என்று வைத்தாலும் தொள்ளாயிரம் நடைக்குக் கிட்டே.

தளம் போடும் நாளை இரண்டு நாள் முன்பே தெரிவிப்பது, பள்ளி நேரத்தில் லாரி வராமல் இருப்பது, காத்திருக்கும் லாரி பிரதான சாலையில் நிற்பது, கொடி பிடிக்க ஓர் ஆள், சிந்திய மண்ணை அன்றே கழுவுவது. இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீறினால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

என் வீட்டு முன்னால் சாலையில் நான்தானே நிறுத்த வேண்டும்?

இல்லை. சாலை பொது. உங்கள் கேட்டை மறித்து யாரும் நிறுத்தக் கூடாது, அது சரி. மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவில் வரும். அப்படி விட்டுப்போன வண்டியை இழுத்துப்போக 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரோர இடம் உங்களுடையது இல்லை. பூந்தொட்டி, கருங்கல், சங்கிலி, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா வைத்துப் பிடிப்பதற்கு எந்த உரிமையும் கிடையாது. ‘இங்கு நிறுத்தினால் காற்று இறக்கப்படும்’ என்று பலகை மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். இறக்கினால் குற்றம் உங்கள்மேல் வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் தெருவில் பல வீடுகளில் கார் நிறுத்தக் கட்டிய இடம் இன்று வாடகைக்கு விட்ட அறை, தையல் கடை, பழைய சாமான் கிடங்கு. கார் தெருவில். சங்கம் மனு கொடுத்தால் ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் வருமா?

18.30 மீட்டருக்கு மேல் போனால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை இரண்டின் தடையில்லாச் சான்றும் வேண்டும். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். அதற்குக் கீழே கெடுபிடி குறைவு. மனைக்குள் இடம் விட்டாலும், தெருமுனையில் திரும்பும் இடத்தில் கார் நின்றால் தீயணைப்பு வண்டி உள்ளே வராது. முனையில் இரண்டு பக்கமும் ‘நோ பார்க்கிங்’ கேட்டுப் போக்குவரத்துக் காவல்துறைக்குத் தனி மனு கொடுங்கள். இதற்குப் புதுக் கட்டிடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பத்து சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டுமாமே, அதில் பார்க்கிங் கேட்கலாமா?

மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், எனவே பொருந்தும். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டிவிடலாம். பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். பணம் நம் தெருவுக்குத் திரும்பி வராது. பூங்கா இடத்தில் கார் நிறுத்தக் கேட்பதும் அசிங்கம், விட்டுவிடுங்கள்.

மெட்ரோ வந்தால் கார் குறைந்துவிடாதா?

போவது குறையலாம், வைத்திருப்பது குறையாது. மெட்ரோவில் வேலைக்குப் போகிறவரின் கார் பகல் முழுக்க வீட்டிலேயே நிற்கும். நமக்குப் பிரச்சினை நிற்கும் கார்தான்.

கட்டி முடித்த பிறகு பார்க்கிங்கை வேறு எதற்காவது மாற்றினால்?

இங்கேதான் உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. இந்த அளவுள்ள குடியிருப்புக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடைக்காது. சான்று கொடுக்கும் முன் அதிகாரிகள் நேரில் ஆய்வுக்கு வருவார்கள். அனுமதித்த வரைபடத்தின் நகல் உங்களிடம் இருந்தால், ஸ்டில்ட்டில் எழும்பிய உடற்பயிற்சிக் கூடத்தையும் சங்க அலுவலகத்தையும் கட்ட எண்ணோடு சுட்டிக்காட்ட முடியும். “17 முதல் 22 வரையுள்ள கார் இடங்களில் சுவர் எழுப்பப்பட்டுள்ளது” என்ற ஒரு வரி போதும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் இருக்கிறது.

சான்று கொடுத்து ஆட்கள் குடிவந்த பிறகு இதே புகாரை எழுதினால், எதிரே நிற்பது கட்டுநர் இல்லை, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் எண்பது குடும்பம். நடவடிக்கை எடுக்க யாருக்கும் மனம் வராது.

உயர் நீதிமன்றம் போகலாமா?

விதிமீறல் கையில் ஆவணமாக இருந்தால் போகலாம். சாலை அகலம் தவறாகக் காட்டப்பட்டது, பார்க்கிங் எண்ணிக்கை குறைவு, வரைபடத்துக்கு மாறாகக் கட்டுவது போன்றவை. அதற்கு முன் மனு கொடுத்து, பதில் வராததையோ மறுத்ததையோ காட்ட வேண்டும். ஒப்புகையைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

குடிவருகிறவர்களோடு எப்படிப் பேசுவது?

அவர்களுக்கும் கார் நிறுத்த இடம் கிடைக்காத தொல்லைதான். பதிவு நடக்கும் காலத்திலேயே, பத்திரத்தில் பார்க்கிங் எண் எழுதி வாங்கச் சொல்லுங்கள். சாவி கொடுத்த முதல் மாதத்தில் அவர்களுடைய சங்கத்திலிருந்து இரண்டு பேரை நம் கூட்டத்துக்கு அழைப்போம். அன்று பேச இரண்டு விஷயம் இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்: தெருவில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் என்று கேட்டு இரண்டு சங்கமும் சேர்ந்து போக்குவரத்துக் காவல்துறைக்குக் கொடுக்கும் மனு, பள்ளி வேன்கள் கோவில் முனையில் நிற்காமல் புதுக் கட்டிடத்தின் முன்னால் அகலமாகும் இடத்தில் நிற்க ஏற்பாடு.